ஓட்டை இல்லாத போன்

இந்த வீடு ஏன் நாலு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது என்று தெருமுனையில் துணி தேய்ப்பவர் உங்களிடம் ஏதாவது சொல்லியிருப்பார். சொல்லியிருப்பார், டீச்சர். வீடு பார்க்க வந்த நீங்கள் வழி கேட்க அங்கே நின்றதை மேலேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வழி சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது.

பரவாயில்லை. அவர் சொன்னது அவரோடு இருக்கட்டும். நடந்ததை நான் சொல்கிறேன். இப்படி வாருங்கள், இதுதான் ஹால். ஜன்னலுக்கு நேர் மேலே என் பால்கனி. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அது என்ன கையில், வாட்ச்சா? வாட்ச்சில் வெளிச்சம் வந்து வந்து போகிறதே. போனோடு சேர்ந்ததா? ஒயர் கிடையாதா? அப்படியா. இல்லை, சும்மா கேட்டேன். பையில் போட்டுக்கொண்டால் எனக்கு நிம்மதி. நன்றி.

நான் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். என் பெயர் ஞானசௌந்தரி. எந்த ஊர் எக்ஸ்சேஞ்ச் என்பது வேண்டாம், சின்ன ஊர். அப்போது ஒருவர் இன்னொருவரோடு பேச வேண்டுமென்றால் நான்தான் ஒயரை எடுத்துச் சொருக வேண்டும். வெல்லக் கமிஷன் கடைக்காரர் யாரோடு பேசுகிறார் என்பது பலகையைப் பார்த்தாலே தெரியும். இந்த முனை இங்கே, அந்த முனை அங்கே. நாங்கள் ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது சட்டம். நான் கேட்டதே இல்லை. அது தானாகக் காதில் விழும், அது வேறு. கடைக்காரருக்குச் சாத்தூரில் இன்னொரு குடும்பம் இருந்தது எனக்குத் தெரியும் என்றால், காதில் விழுந்ததுதான். ஆள் கேட்க நினைத்தால் எதையும் கேட்கலாம் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். அதனால்தான் யாரையும் சட்டென்று நம்ப மாட்டேன்.

கீழே இந்த வீட்டில் ஏழு வருடம் எனக்கு வாடகைக்கு இருந்தவள் சுபாஷிணி. சுபா. அவள் புருஷன் கதிரேசன். குழந்தை கிடையாது. அவனுக்கு ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. அவன்தான் இந்த வீட்டுக்குள் ஒயர் இல்லாத சாமான்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தவன். கம்ப்யூட்டர் எலிக்கு வால் போயிற்று. காதில் மாட்டுகிறதுக்கு ஒயர் போயிற்று. அதைக் காதில் வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் நடந்துகொண்டே சிரிப்பான். யாரோடு சிரிக்கிறான்? தெரியாது. ஒயர் தொங்கினால் போன் பேசுகிறான் என்று தெரியும். இது என்னவென்று எடுத்துக்கொள்வது? ஒரு நாள் என்னைப் பார்த்து, "சரி, சாயங்காலம் வந்து பாக்கேன்" என்றான். அவனுக்காக நான் காப்பி போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் வரவில்லை. அதை யாரிடமோ சொல்லியிருக்கிறான்.

ஆனால் சுபா தங்கம். என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். நாலு மணிக்கு மாடியேறி வருவாள். எனக்கும் அவளுக்கும் டீ, இரண்டு முறுக்கு. என்ன கனவு கண்டாள் என்பது வரைக்கும் சொல்லுவாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, டீச்சர். கூடப்பிறந்தவள் ஒருத்தி, ரூபி, நாசரேத்தில் இருக்கிறாள். இங்கே எனக்கு யார் என்று கேட்டால் சுபா என்றுதான் சொல்வேன். இப்போது கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

போன டிசம்பரில் என் பழைய போன் பேட்டரி உப்பிப்போய் பின்பக்கம் திறந்துகொண்டது. கதிரேசன் ஒரு புதுப் போன் வரவழைத்துக் கொடுத்தான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஹெட்போன் சொருகுகிற ஓட்டை இல்லை. எனக்கு வலது காது கொஞ்சம் மந்தம். ரூபி தினமும் பேசிப் பேசிப் பதிவு பண்ணி வாட்ஸப்பில் அனுப்புவாள். நான் ஒயரை மாட்டி, அது நல்லபடியாக உள்ளே போய் உட்கார்ந்ததா என்று அழுத்திப் பார்த்துவிட்டு, காதில் வைத்துக் கேட்பேன். என் காதுக்கு வருவது என் காதோடு போகும். இதில் அந்த ஓட்டையே இல்லை. மேலே, கீழே, பக்கவாட்டில் எல்லாம் தேடினேன். அடியில் ஊசி முனை அளவு ஒரு புள்ளி. அடைத்திருக்கிறது போலிருக்கிறது என்று சேஃப்டி பின்னால் குத்தப் போனேன். சுபா ஓடிவந்து பிடுங்கினாள். "பெரியம்மா, அது மைக்கு. நீங்க பேசுறது அதுலதான் போகுது" என்றாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் என் ஹெட்போனைக் கையில்கூட வாங்கவில்லை. "இப்ப போன்ல ஓட்டையே வர்றதில்லம்மா, எல்லாம் காத்துலயே வந்துரும்" என்றார்.

"காத்துல வந்தா யாரு வேணும்னாலும் பிடிச்சுக்கலாமே?"

"யாரு பிடிக்கப் போறா? உங்க பேச்ச யாரும்மா கேக்கப் போறா?"

இப்படித்தான் சொல்லுவார்கள். ஓட்டையை அடைத்தது யார், ஏன் அடைத்தார்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. ஒயர் இருந்தால் நடுவில் வேறு யாரும் நுழைய முடியாது. நுழைய வேண்டும் என்று நினைக்கிறவன்தானே ஒயரை எடுப்பான்? காதுக்குள் திணிக்கிற அந்த உருண்டையை வாங்க மாட்டேன் என்று வந்துவிட்டேன். அன்றிலிருந்து ரூபியின் பேச்சைச் சத்தமாக வைத்துத்தான் கேட்டேன். பால்கனியில் உட்கார்ந்து, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மேலே வீட்டு ஜெபம். இருபது பேர் வந்தார்கள். பாட்டுக்கு வேண்டும் என்று கதிரேசன் அவனுடைய ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். பெரிய டம்ளர் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. ஒயர் கிடையாது. என் போனை வாங்கி எதையோ தட்டினான். அந்தப் பெட்டி இங்கிலீஷில் ஒரு பொம்பளைக் குரலில், சேர்ந்துவிட்டது என்று சொல்லிற்று. யாரோடு சேர்ந்தது என்று சொல்லவில்லை. கவனியுங்கள், டீச்சர். நாங்கள் எக்ஸ்சேஞ்சில் சேர்த்துவிட்டால், இன்னார் லைனில் இருக்கிறார் என்று பெயர் சொல்லிக் கொடுப்போம். இந்தப் பெட்டி பெயர் சொல்லாது.

ஜெபம் முடிந்து பெட்டியைக் கீழே எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஜெபத்துக்கு உதவி பண்ணினானே என்று நானும் ஒன்றும் நினைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் என் போன் ஒரு நாள் நன்றாகப் பேசும், ஒரு நாள் ஊமையாகும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சரியாக இருக்கும். சுபாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். அவள் மேலே வரும்போது அது சரியாகியிருக்கும், மறந்துவிடுவேன்.

பிப்ரவரியில் சுபாவின் மாமியார் கயத்தாரிலிருந்து வந்து தங்கினாள். ஒரு மாதம். அந்த அம்மா வாய் திறந்தால் ஒரே பேச்சுதான். ஏழு வருஷமாச்சு, என் மகனுக்கு ஒரு வாரிசு இல்ல. தண்ணீர் பிடிக்கப் போகிற இடத்தில், காய்கறிக்காரரிடம், என்னிடம். "நல்ல மரம்னு நம்பித்தான் கட்டி வச்சோம்" என்பாள். சுபா பக்கத்தில் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். தலை நிமிர மாட்டாள்.

இப்போது சொல்கிறேனே, இது வெளியே போகக் கூடாது, டீச்சர். குறை சுபாவிடம் இல்லை. அவர்கள் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கல்யாண வீடு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். குறை கதிரேசனிடம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று அழுதானாம். சரி, என் மேலேயே இருக்கட்டும் என்று இவள் ஏற்றுக்கொண்டாள். இதை உலகத்தில் ஒரே ஒருத்தியிடம் சொன்னாள், என்னிடம். நாலு மணி டீக்கு வந்தவள் டீயைத் தொடவில்லை. "பெரியம்மா, உங்களோட இருக்கட்டும்" என்றாள்.

என்னோடுதான் இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

ரூபியிடம் சொன்னேன். அது ஜெபத்துக்காகச் சொன்னது. எங்களில் இது வழக்கம். ஒருவருக்குக் கஷ்டம் என்றால் ஜெபக்குறிப்பாகக் கொடுப்போம், நாலு பேர் சேர்ந்து ஜெபிப்பார்கள். என்ன கஷ்டம் என்று விவரம் தெரியாமல் எப்படி ஜெபிப்பது? யாரிடம் குறை, எத்தனை முறை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், எந்த டாக்டர், மாமியார் எப்படிப்பட்டவள், எல்லாம் வேண்டும் அல்லவா? ஜெபத்துக்குச் சொல்வது சொல்வதில் சேராது. இதைச் சுபாவிடமும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதாவது பிறகு, எல்லாம் முடிந்த பிறகு.

மறுநாள் காலை, மணி ஒன்பதரை இருக்கும். கதிரேசன் வேலைக்குப் போயாயிற்று. ரூபியிடமிருந்து பேச்சு வந்திருந்தது. நாலு நிமிடப் பேச்சு. பால்கனியில் உட்கார்ந்து அமுக்கினேன். சத்தம் வரவில்லை. கோடு மட்டும் நகர்கிறது. முடிந்துவிட்டது. மறுபடி அமுக்கினேன். சத்தத்தைக் கூட்டுகிற பொத்தானை முழுக்க அமுக்கிவிட்டு இன்னொரு தடவை போட்டேன். கீழே ஒரு பொம்பளை சத்தமாகப் பேசுவது கேட்டது. மாமியார் சீரியல் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அந்தக் குரல் கொஞ்சம் ரூபி குரல் மாதிரிகூட இருந்தது. சீரியலில் வருகிறவர்கள் எல்லாம் அப்படித்தான் இழுத்து இழுத்துப் பேசுகிறார்கள். இந்தச் சத்தத்தில் நமக்கு எங்கே கேட்கப் போகிறது என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நாலாவது தடவை போட்டேன்.

பாதியில் சுபா மேலே வந்தாள். கையெல்லாம் தோசை மாவு. மூச்சு வாங்குகிறது. என் கையிலிருந்து போனைப் பிடுங்கி நிறுத்தினாள்.

"என்னம்மா?"

"ஏன் பெரியம்மா திருப்பித் திருப்பிப் போட்டீங்க?"

"கேக்கலியே சுபா. ஒண்ணுமே கேக்கல."

"எங்களுக்குக் கேட்டுச்சு" என்றாள். "நாலு தடவையும் கேட்டுச்சு. அத்தையும் கேட்டாங்க."

அவள் சொன்ன கதை இதுதான். மாமியாருக்குக் காலையில் பக்திப் பாட்டு கேட்க வேண்டும். மகன் வேலைக்குப் போய்விட்டான் என்று அவளே அந்தக் கறுப்புப் பெட்டியின் பொத்தானை அமுக்கியிருக்கிறாள். சேர்ந்துவிட்டது என்று பெட்டி சொல்லியிருக்கிறது. பாட்டு வரப்போகிறது என்று அந்த அம்மா முன்னால் உட்கார்ந்து கை கூப்பியிருக்கிறாள். பாட்டு வரவில்லை. ரூபி வந்தாள்.

ரூபி பேசியது என்ன என்று நான் பிறகுதான் கேட்டேன். அவர்களெல்லாரும் கேட்டு முடித்த பிறகு. "அக்கா, நீ சொன்ன கீழ்வீட்டுப் பிள்ள விஷயத்த நம்ம சகோதரிகள் குரூப்புல ஜெபத்துக்கு வச்சிட்டேன். பேரு சொல்லல, கோவில்பட்டிப் பிள்ளன்னு மட்டும்தான் சொன்னேன். பாவம்லா அந்தச் சுபா. குறைய வச்சிக்கிட்டு இருக்குறது மகன், ஏச்சு வாங்குறது மருமக. அந்தக் கயத்தாரு மாமியாக்காரி நாக்குல தேளுதான் இருக்குன்னு நீ சொன்னது சரிதான். அந்தக் கதிரேசனாவது ஆம்பளையா நின்னு ஆத்தாக்கிட்ட உண்மையச் சொல்லாண்டாமா?" இப்படிப் போகிறது. நாலு நிமிடம். நல்ல மனசோடுதான் பேசியிருக்கிறாள். குரூப்பில் அறுபது பேர்தான், எல்லோரும் விசுவாசிகள்.

மாமியார் பெட்டியைத் துண்டால் மூடிவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாளாம். சாயங்காலம் கதிரேசன் வந்ததும்தான் சத்தம் வந்தது. அதுவும் அந்த அம்மாவின் சத்தம் இல்லை, அவன் சத்தம். ஏழு வருடத்தில் அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னியே. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னியே." இதையே சொல்லிக்கொண்டிருந்தான். மாமியார் விடிந்ததும் கயத்தாருக்குப் பஸ் ஏறிவிட்டாள். பத்து நாளில் இவர்களும் காலி பண்ணினார்கள்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன், டீச்சர். நீங்கள் படித்தவர், யோசித்துப் பாருங்கள். ரூபி அனுப்பியது எனக்கு. வந்தது என் போனுக்கு. போன் இருந்தது என் கையில். நான் கேட்பதற்கு முன்னால் அவர்களுக்கு எப்படிக் கேட்டது? நடுவில் ஒயர் கிடையாது. தளத்தில் ஓட்டை கிடையாது, அண்ணாந்து பாருங்கள், ஒரு கீறல்கூட இல்லை. அவன் ஏதோ வைத்திருந்தால் ஒழிய எப்படி?

காலி பண்ணுகிற அன்றைக்குக் காலையில் கதிரேசன் அந்தப் பெட்டியோடு மேலே வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "பெரியம்மா, நீங்க தப்பா நெனச்சிக்கிட்டு இருக்கீங்க. காட்டுறேன்" என்று என் போனில் ஏதோ ஒரு பழைய பாட்டைப் போட்டான். பாட்டு பெட்டியில் வந்தது. பெட்டியைக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து மறுபடி போட்டான். கீழே பாட்டு கேட்டது. "கிறிஸ்மஸுக்குச் சேத்தது. எடுத்துவிட மறந்துட்டேன். பெட்டியப் போட்டா உங்க போன் தானா போய்ச் சேந்துக்கும். நாங்க எதையும் ஒட்டுக்கேக்கல. உங்க போன்தான் எங்க வீட்டுல வந்து பேசுச்சு" என்றான். என் போனுக்குள் ஒரு பட்டியலைக் காட்டினான். அதில் அவனுடைய பெட்டியின் பெயர் எழுதியிருந்தது.

நீங்களே சொல்லுங்கள். அவனுடைய பெட்டியின் பெயர் என் போனுக்குள் எழுதியிருக்கிறது. எழுதியது யார்? அவனே ஒத்துக்கொள்கிறான். என் கண் முன்னால் இவ்வளவு செய்கிறவன், என் முதுகுக்குப் பின்னால் என்னென்ன செய்திருப்பான்? "மறந்துட்டேன்" என்கிறான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் மறப்பானா? நான் அதைக் கேட்டேன். அவன் அந்தப் பட்டியலில் எதையோ அழித்துவிட்டு, போனை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

சுபா மட்டும் கடைசியாகச் சாவி கொடுக்க வந்தாள். அவளிடமும் கேட்டேன். "என்ன வச்சிருந்தான்னு நீயாவது சொல்லு, சுபா." அவள் வேறு ஒன்று கேட்டாள். "ரூபி சித்திக்கிட்ட யாரு பெரியம்மா சொன்னது?" நான் ஜெபத்தைப் பற்றி எடுத்துச் சொன்னேன். விவரம் இல்லாமல் ஜெபிக்க முடியாது என்பதையும் சொன்னேன். அவள் சாவியை என் கையில் வைத்தாள்.

நீங்களும் அதையே கேட்கிறீர்களே. சொன்னேனே, டீச்சர். ஜெபத்துக்குச் சொன்னது. அதுவும் பெட்டியும் வேறு வேறு. பெட்டி மட்டும் இல்லையென்றால் யாருக்கு என்ன தெரிந்திருக்கும்? சுபா இன்னும் இங்கேதான் இருந்திருப்பாள்.

நாலு மாதமாக நான் யாருக்கும் இந்த வீட்டைக் காட்டவில்லை. நீங்கள்தான் முதல் ஆள். கோபம் தணிந்தால் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் வைத்த கறிவேப்பிலைக் கன்றுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். போன வாரம் மனது கேட்கவில்லை. இலுப்பையூரணிப் பக்கம் வீடு என்று சொன்னார்கள். விசாரித்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தவள் "வாங்க பெரியம்மா" என்றாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. டீ போட்டுக் கொடுத்தாள். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஜன்னல் திட்டில், அலமாரிக்கு மேலே, டிவிக்குப் பின்னால். அந்தக் கறுப்புப் பெட்டி கண்ணில் படவில்லை.

"எப்படி இருக்கே சுபா?"

"நல்லா இருக்கேன் பெரியம்மா."

"கதிரேசன்?"

"நல்லா இருக்காங்க."

"அவுக அம்மா வந்தாகளா?"

"இங்க வெயில்தான் ஜாஸ்தி பெரியம்மா. மாடி இல்லாத வீடு பாத்தீங்களா?"

"மதுரைக்குப் போறீங்களா இன்னும்?"

"முறுக்கு எடுத்துக்கோங்க."

இப்படியே அரை மணி நேரம், டீச்சர். கனவைக்கூடச் சொல்லுகிறவள். எது கேட்டாலும், தெருவில் மைக் வைத்துச் சொன்னாலும் ஒன்றும் ஆகாத பதிலாகப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு கேட்டேன். "சுபா, பயப்படாதே. இந்த வீட்டுலயும் அவன் ஏதாவது வச்சிருக்கானா? யாராவது கேட்டுக்கிட்டு இருக்காங்களா? தலைய மட்டும் ஆட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இந்த வீட்டுல ஒண்ணும் இல்ல பெரியம்மா" என்றாள். "நான்தான் பேசறதில்ல."

அதைக்கூட அவள் சத்தமாகச் சொல்லவில்லை. அவ்வளவு பயம். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் அவளுக்குத்தான் ஆபத்து என்று உடனே கிளம்பி வந்துவிட்டேன். யாரை நினைத்து அந்தப் பிள்ளை இப்படிப் பயப்படுகிறாள் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.